முட்டை, உப்பு, ஒரு பேசன் தண்ணீர்: எங்கள் பிள்ளைகளுக்குக் கடலை யார் சொல்லிக்கொடுப்பது?

2025 மே 25ஆம் திகதி கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கொள்கலன் கப்பல் மூழ்கியது. யூன் மாதத்தில் மன்னார்க் கரையில் வெள்ளைப் பிளாஸ்ரிக் மணிகள் ஒதுங்கத் தொடங்கின. அந்தப் படங்களை நான் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்காவின் மகள் தோளுக்கு மேலால் எட்டிப்பார்த்தாள்.

"சித்தி, கொச்சியில தாண்ட கப்பலின்ர சாமான் எப்பிடி மன்னாருக்கு வந்தது?"

நீரோட்டம் கொண்டுவந்தது என்றேன். "அப்ப ஏன் வடக்க பம்பாய்ப் பக்கம் போகேல்ல?" என்றாள். என்னிடம் பதில் இருக்கவில்லை.

அவளுக்குப் பத்து வயது. முல்லைத்தீவு மாவட்டத்தில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. தகப்பன் கடற்றொழிலாளி. நான் பல வருடங்களாகக் கடலைப் பற்றிச் செய்தி எழுதுகிறேன். கைதான மீனவர்கள், அறுக்கப்பட்ட வலைகள், கடற்படை முகாமுக்குப் போன காணிகள், கனிய மணலுக்கு எதிரான போராட்டங்கள் என்று கடல் எனக்குச் சம்பவமாகவே வந்திருக்கிறது. யார், எங்கே, எப்போது என்று கேட்கப் பழக்கப்பட்டவள் நான். தண்ணீர் ஏன் அந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இது எனக்கு மட்டும் உள்ள குறை என்று நினைக்கவில்லை. முன்பு கடலறிவு பாடசாலையில் கிடைக்கவில்லை, வள்ளத்தில்தான் கிடைத்தது. சோளகம் எப்போது விழும், கச்சான் எந்தப் பக்கத்தால் அடிக்கும், தண்ணீர் எந்த நிறத்தில் இருந்தால் எந்த மீன் நிற்கும் என்பதெல்லாம் தகப்பனுக்குப் பின்னால் நின்று மகன் பழகியவை. போர்க்காலத்தில் கடலில் தடை வந்தது, பாஸ் வந்தது, இயந்திர வலுவுக்குக் கட்டுப்பாடு வந்தது. பிறகு இடப்பெயர்வு. ஒரு தலைமுறை கடல் தெரியாமலே வளர்ந்தது. இப்போது அந்தத் தலைமுறை தன் பிள்ளையிடம், "கடல் வேண்டாம், படி" என்கிறது. அத்தானும் அதைத்தான் சொல்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பிள்ளை படிப்பது ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வினாத்தாள் புத்தகம். அதில் கடல் விடைத் தெரிவுகளில் ஒன்றாக வருகிறது.

அதனால் விடுமுறைக்கு அக்கா வீட்டில் நின்ற நாட்களில் குசினியிலிருந்தே தொடங்கினோம்.

முதலில் அவளுடைய கேள்வி. ஒரு பெரிய பேசனில் தண்ணீர் நிரப்பி, நடுவே ஒரு கல்லை இந்தியாவின் தென்முனையாக வைத்தோம். தண்ணீரின் மேல் உமியைத் தூவி, ஒரு பக்கத்தில் இருந்து ஸ்ரோவால் மெதுவாக ஊதினோம். உமி கல்லின் ஓரமாக ஓடி, முனையைச் சுற்றி, கல்லுக்குப் பின்னால் காற்றுப் படாத இடத்தில் சுழன்று சேர்ந்தது. "மன்னார்!" என்று கத்தினான் அவளுடைய தம்பி. உண்மையான கடல் இவ்வளவு எளிமையானதல்ல, பூமியின் சுழற்சிக்கும் அதில் பங்கு உண்டு. ஆனாலும் அடிப்படை இதுதான்: தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இந்தியாவின் மேற்குக் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடி, முனையைச் சுற்றிக் கிழக்கே திரும்புகிறது. கப்பல் மூழ்கியது மே மாதக் கடைசியில். பேசனை எட்டிப்பார்த்த அத்தான், "சோளகத்தில அங்க தாண்டா இங்கதான் வரும், இதுக்கு என்ன உமி?" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. மகள் அவரிடம் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அடுத்தது முட்டை. நன்னீரில் முட்டை தாழும், உப்புத் தண்ணீரில் மிதக்கும் என்பது எல்லோரும் அறிந்த விளையாட்டு. நாங்கள் அதைக் கொஞ்சம் மாற்றிச் செய்தோம். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. 200 மில்லிலீற்றர் கோப்பை ஒன்றுக்கு அது ஒரு தேக்கரண்டியும் கொஞ்சமும். அந்த அளவு உப்பைக் கரைத்து முட்டையை விட்டால் என்ன நடக்கும்? மிதக்கும் என்று இருவரும் பந்தயம் கட்டினார்கள். முட்டை தாழ்ந்தது. ஒவ்வொரு கரண்டியாக உப்புச் சேர்த்து, நான்கைந்து கரண்டி ஆன பிறகே முட்டை மேலே வந்தது. (முட்டை பழையதென்றால் முன்பே மிதந்துவிடும். அன்றே இட்ட முட்டையாகப் பாருங்கள்.)

கடலைவிடப் பல மடங்கு உப்பான தண்ணீர் எங்கே இருக்கும் என்ற கேள்வி தானாகவே வந்தது. ஆனையிறவு உப்பளத்தில் என்றேன். கடல்நீர் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காக வற்றும்போதுதான் உப்பு படியத் தொடங்குகிறது. 2025இல் நாட்டில் உப்புத் தட்டுப்பாடு வந்தபோதும், ஆனையிறவு உப்புக்கு என்ன பெயர் வைப்பது என்று சண்டை வந்தபோதும் நானும் எழுதினேன். அந்த உப்பு எப்படி உப்பாகிறது என்று ஒரு வரிகூட எழுதவில்லை.

அதே கோப்பைகளில் பிளாஸ்ரிக்கும் பார்த்தோம். தண்ணீர்ப் போத்தல் ஒன்றின் மூடியில் ஒரு துண்டு, உடம்பில் ஒரு துண்டு. மூடி எல்லாத் தண்ணீரிலும் மிதந்தது. உடம்பு எல்லாவற்றிலும் தாழ்ந்தது. ஒரே போத்தல்தான், ஆனால் இரண்டும் வேறு வேறு பிளாஸ்ரிக். இந்தச் சிறு விடயம் எனக்கு ஒரு பெரிய செய்தியைத் திரும்பப் படிக்க வைத்தது. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றிய எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. 25 தொன் நைத்திரிக் அமிலமும் அவற்றுள் அடக்கம். கடலில் கொட்டிய பிளாஸ்ரிக் மணிகள் 1,600 தொன்னுக்கும் மேல். 2025 யூலை 24ஆம் திகதி உயர் நீதிமன்றம் கப்பல் தரப்பு ஒரு பில்லியன் அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நாங்கள் கரையில் கண்டதும் படம் எடுத்ததும் மிதந்து வந்ததை மட்டுமே. தாழக்கூடியது எதுவோ அது தாழ்ந்த இடத்திலேயே கிடக்கிறது. வலை இழுப்பவனுக்குத்தான் அது தெரியவரும். இழப்பீட்டுக் கணக்குப் பேசும் ஒவ்வொரு கூட்டத்திலும் எங்கள் கடற்றொழிலாளர் சங்கங்கள் கேட்க வேண்டிய கேள்வி இது. அதைக் கேட்பதற்கு ஒரு போத்தல் மூடியும் ஒரு கோப்பைத் தண்ணீரும் போதும்.

ஒரு எச்சரிக்கை. கரையில் ஒதுங்கிய மணிகளைப் பிள்ளைகள் வெறுங்கையால் பொறுக்க வேண்டாம். உமியும் போத்தல் மூடியும் பாதுகாப்பானவை.

நிறம் கலந்து உறைய வைத்த ஐஸ் கட்டியைப் பிள்ளைகள் மிகவும் விரும்பினார்கள். இரண்டு கோப்பை எடுத்து, ஒன்றில் நன்னீர், மற்றதில் உப்புத் தண்ணீர் நிரப்புங்கள். இரண்டிலும் ஒவ்வொரு நீல ஐஸ் கட்டி. நன்னீரில் உருகும் குளிர்ந்த நீலம் நூல்நூலாகக் கீழே இறங்கும். உப்புத் தண்ணீரில் நீலம் இறங்காது, மேலே படலமாக நிற்கும். உருகிய தண்ணீர் குளிர்ந்ததுதான், ஆனால் உப்பில்லாதது. உப்புத் தண்ணீரின் பாரத்தை அதனால் வெல்ல முடியாது.

இதைப் பார்த்து, "நந்திக்கடல் மாரியில இப்பிடித்தான்" என்றார் அத்தான். மழைக்காலத்தில் குளங்களும் ஆறுகளும் கொண்டுவரும் தண்ணீர் மேலே நிற்கும், உவர் கீழே கிடக்கும், வட்டுவாகலில் முகத்துவாரம் வெட்டுப்பட்டுக் கடல் உள்ளே வரும்போது இறால் படும் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். மகள் கொப்பியில் படம் கீறினாள். நந்திக்கடல் என்ற பெயரைக் கேட்டால் எனக்கு 2009 மே மாதம் தவிர வேறெதுவும் நினைவுக்கு வராது. அதை நான் விடப்போவதும் இல்லை. ஆனால் அவளுடைய கொப்பியில் அது முதலில் ஒரு களப்பாக வந்தது. இரண்டு தண்ணீர், ஒரு வாய், இறால். மற்றதை அவள் அறிந்துகொள்ளும் நாளில் இதுவும் அவளிடம் இருக்கட்டும் என்று தோன்றியது.

சுனாமிப் பரிசோதனையைச் செய்வதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். வீட்டில் மாமி இருக்கிறார், அத்தானின் தாய். 2004இல் இரண்டு பிள்ளைகளைக் கடல் கொண்டுபோனது. இருபது வருடத்துக்கு மேலாக அவர் கடற்கரைக்குப் போனதில்லை. பேரப்பிள்ளைகள் போவதையும் விரும்பமாட்டார். அவர் கோவிலுக்குப் போன பின்னேரம் பார்த்துத் தொடங்கினோம்.

மீன் போடும் நீண்ட ரெஜிபோம் பெட்டி ஒன்றில் முதலில் ஒரு சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றினோம். ஒரு முனையைத் தூக்கி மெதுவாக விட்டால் அலை மறுமுனைக்குப் போய்த் திரும்பும். மூன்று தடவை போய்வர எடுக்கும் நேரத்தைக் கைபேசியில் பார்த்தோம். பிறகு நான்கு சென்ரிமீற்றர் தண்ணீரில் அதையே செய்தோம். நேரம் ஏறக்குறையப் பாதியானது. ஆழம் நான்கு மடங்கானால் வேகம் இரண்டு மடங்கு. இந்த விதிதான் சுனாமிக்கும். 4,000 மீற்றர் ஆழக் கடலில் அது மணிக்கு 700 கிலோமீற்றர் வேகத்தில், விமானம்போல ஓடுகிறது. 10 மீற்றர் ஆழத்துக்கு வரும்போது வேகம் 36 கிலோமீற்றருக்கு இறங்குகிறது. முன்னால் போவது மெதுவாக, பின்னால் வருவது வேகமாக. தண்ணீர் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகிறது.

பிறகு ஒரு முனையில் மணலால் கரை கட்டி, தீப்பெட்டிகளை வீடுகளாக வைத்து, மறுமுனையில் ஒரு பலகையால் தண்ணீரைத் தள்ளினோம். பலகையை முன்னுக்குத் தள்ளினால் முதலில் மேடு வந்து கரையில் ஏறும். பின்னுக்கு இழுத்தால் முதலில் பள்ளம் வரும். கரையில் தண்ணீர் வற்றும், பிறகே ஏறும். இரண்டையும் மாறி மாறிச் செய்துகொண்டிருந்தபோது மாமி படலையைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். பெட்டியை மூட எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

அவர் ஏசவில்லை. குந்தியிருந்து பார்த்தார். நான் பலகையைப் பின்னுக்கு இழுத்தபோது, "அப்பிடியில்லை" என்றார். "முதல் சின்னத் தண்ணிதான் வந்தது. முழங்காலளவு. நாங்கள் புதினம் பாத்துக்கொண்டு நிண்டனாங்கள். பிறகுதான் கடல் உள்ளுக்குப் போனது. அதுக்குப் பிறகுதான் மற்றது."

அவர் சொன்னது சரி. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுமத்ராவுக்கு அப்பால் கடலடித் தட்டு பிளந்தபோது மேற்குப் பக்கத்தில் கடலடி உயர்ந்தது, கிழக்குப் பக்கத்தில் தாழ்ந்தது. அதனால் தாய்லாந்துக் கரைக்கு முதலில் பள்ளம் வந்தது, கடல் பின்வாங்கியது. மேற்கே இருந்த எங்களுக்கு முதலில் வந்தது மேடு. "கடல் உள்வாங்கினால் ஓடு" என்று எல்லா நினைவு நாளிலும் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அது சரியான அறிவுரைதான், ஆனால் பாதி அறிவுரை. உள்வாங்காமலும் வரலாம். முதல் அலை சிறிதாக இருக்கலாம். ஒரு அலையோடு முடியாது. மணித்தியாலக் கணக்கில் திரும்பத் திரும்ப வரும். அன்று இலங்கையில் இறந்தும் காணாமற்போயும் 35,000 பேர் அளவில் இழந்தோம். அவர்களில் எத்தனை பேர் முதல் தண்ணீருக்குப் பிறகு கரைக்கு இறங்கினார்கள் என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை.

மாமிக்கு இதைச் சொன்னேன். கன நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அங்க வெடிச்சு இஞ்ச வர எவ்வளவு நேரம் எடுத்தது?" என்று கேட்டார். ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் என்றேன். அந்த இரண்டு மணித்தியாலத்தில் எங்களுக்குச் சொல்ல அன்று இந்து சமுத்திரத்தில் எந்த எச்சரிக்கை முறையும் இருக்கவில்லை. மாமி தீப்பெட்டி ஒன்றை எடுத்து மணலின் உயரமான பக்கத்தில், பெட்டியின் விளிம்போடு வைத்தார். பேத்தியிடம், "உன்ர பள்ளிக்கூடம் மாடிதானே? ஓடுறதெண்டா எந்த ஒழுங்கையால ஓடுவாய், சொல்லு பாப்பம்" என்றார். அவள் சொன்ன ஒழுங்கையை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. மாரியில் அதில் வெள்ளம் நிற்கும் என்றார். வேறு வழி கண்டுபிடிக்கும் வரை விடவில்லை.

துயரம் உள்ள வீட்டில் இந்தப் பரிசோதனையைச் செய்யலாமா என்று கேட்டால் என்னிடம் பொதுவான பதில் இல்லை. பெரியவர்களிடம் முதலில் கேளுங்கள். நான் கேட்காமல் செய்தது பிழை. அது பிழைத்துப்போனது என் அதிர்ஷ்டம்.

இழுவைமடியைப் பற்றிய பரிசோதனையைத் தம்பிக்காரன்தான் கேட்டான். பேசனின் அடியில் களப்புச் சேறும் மணலும் பரப்பி, புல்லை வேரோடு நட்டு, மெதுவாகத் தண்ணீர் விட்டு ஒரு இரவு தெளிய வைத்தோம். காலையில் ஒரு முட்கரண்டியை நூலில் கட்டி அடியோடு இழுத்தான். ஒரே இழுப்பு. புல் பிடுங்குப்பட்டது, தண்ணீர் தேநீர் நிறமானது. ரோர்ச்சை மேலிருந்து அடித்தால் அடியில் வெளிச்சம் விழவில்லை. கடற்புல்லுக்கு வெளிச்சம் வேண்டும், அந்தப் புல்லில்தான் இறாலும் மீன்குஞ்சும் ஒதுங்கும், கடற்பசு மேயும். பாக்குநீரிணைப் பகுதி பெரும்பாலும் பத்துப் பதினைந்து மீற்றர் ஆழம்கூட இல்லாத கடல். அங்கே அடியைக் கிண்டினால் மேலே வரை கலங்கும். எங்கள் பேசன் பின்னேரமாகியும் தெளியவில்லை.

"இது இந்தியாக்காரற்ற றோலர்" என்றான் தம்பி. "எங்கட ஆக்களிட்டயும் இருக்கு" என்றாள் அக்காக்காரி. இரண்டும் உண்மை. இலங்கை 2017இல் சட்டத் திருத்தம் மூலம் இழுவைமடியைத் தடை செய்தது. அந்தத் தடை உள்ளூர்ப் படகுகளுக்கும்தான். வடக்குக் கடலின் பெரும் அழிவு தமிழகத்தில் இருந்து வரும் நூற்றுக்கணக்கான படகுகளால் வருகிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எங்கள் மேடைகளில் இது எப்போதும் எல்லைப் பிரச்சினையாக, கைதுப் பிரச்சினையாக, தொப்புள்கொடி உறவுப் பிரச்சினையாகவே பேசப்படுகிறது. கடலடியைப் பற்றிய பேச்சாக அது மாறுவதே இல்லை. முட்கரண்டிக்குக் கடவுச்சீட்டுக் கிடையாது.

மணலுக்கு வருகிறேன். புல்மோட்டையிலும் கொக்கிளாய்ப் பக்கத்திலும் மன்னாரிலும் மக்கள் ஏன் போராடுகிறார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல, அக்கா பரணில் இருந்து பழைய அரிக்கன்சட்டியை இறக்கினார். அரிசியில் கல் அரிப்பதுபோலக் கடல் மணலை அதில் தண்ணீர் விட்டு அரித்தோம். வெள்ளை மணல் தண்ணீரோடு போனது. வரிப்பள்ளங்களில் கறுப்பு மணிகள் தங்கின. சாதாரண மணலை விட இல்மனைற் ஒன்றரை மடங்குக்கும் மேல் பாரமானது. பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பொலித்தீனில் சுற்றிப் பிடித்தால் சில மணிகள் தாவி ஒட்டும். அவை பெரும்பாலும் மக்னரைற். இல்மனைற் சோம்பலாகத்தான் இழுபடும். வீட்டுச் சுவரின் வெள்ளைப் பெயின்ற்றுக்குள் இருக்கும் ரைற்ரேனியம் இந்தக் கறுப்பு மணிகளில் இருந்து வருகிறது என்றபோது இருவரும் நம்பவில்லை.

இந்த ஒன்றுக்கு மட்டும் எங்கள் கரையில் ஒரு விதி உண்டு. மணலைப் பெரியவர் ஒருவர்தான் அள்ள வேண்டும். அலை வந்து போகும் ஈர விளிம்பில், மேற்பரப்பில் மட்டும். தோண்டக் கூடாது. காந்தத்தைக் கொண்டு பிள்ளைகள் கரையில் திரியக் கூடாது. எதாவது இரும்பு தட்டுப்பட்டால் தொடாமல் அறிவிக்க வேண்டும். வேறு நாட்டுப் பிள்ளைகளுக்கான கடல் விளையாட்டுப் புத்தகங்களில் இந்தப் பந்தி இருக்காது.

இவை எல்லாவற்றுக்கும் நாங்கள் செலவழித்தது முட்டைக்கும் ஒரு பக்கற் உப்புக்கும் ஸ்ரோவுக்கும் மட்டும்தான். ஆய்வுகூடம் இல்லை என்று காத்திருக்கத் தேவையில்லை. மன்னாரில் 2025இல் காற்றாலைக்கும் கனிய மணலுக்கும் எதிராக மக்கள் வீதியில் நின்றபோது, எதிர்த்தரப்பில் எப்போதும் ஒரு அறிக்கை இருந்தது. வரைபடம், எண், கலைச்சொல். எங்கள் பக்கத்தில் அனுபவம் இருந்தது. அனுபவம் சரியாகவே சொன்னாலும் அறிக்கையின் மொழியில் அதைச் சொல்ல ஆள் குறைவு. அந்த ஆட்கள் இப்போது தரம் ஐந்தில் இருக்கிறார்கள், பின்னேரம் ரியூசனுக்குப் போகிறார்கள்.

நான் திரும்பி வரும்போது மருமகள் ஒரு பரிசோதனையைத் தானே தொடங்கியிருந்தாள். தகப்பனைக் கொண்டு வாடிக்கு அருகே, தண்ணீருக்குள் ஒரு தடி நட்டு, சாண் கணக்கில் சிவப்புப் பெயின்ற்றால் கோடு போட்டிருக்கிறாள். வற்றும் பெருக்கும் எங்கள் கடலில் ஒரு மீற்றருக்கும் குறைவுதான். ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்தும். அதைத் தகப்பனோடு போய்ப் பார்த்து எழுதுகிறாள். முதல் தடியை அலை கொண்டுபோனது. இரண்டாவதை யாரோ அடுப்புக்குப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்களாம்.

நேற்று குரல்பதிவு ஒன்று வந்தது. "சித்தி, மூண்டாவது தடி நட்டாச்சு. இண்டைக்கு இரண்டு கோட்டுக்கும் கொஞ்சம் மேல. அப்பம்மாவும் வந்தவ. அவ தென்னைக்குக் கீழ இருந்தவ, கிட்ட வரேல்ல."